பசையில்லாத ஒட்டு: ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேரும் இடம்

பல் துலக்கும் பிரஷ், சவர ரேசர், துளைபோடும் டிரில் எந்திரம், காரின் எஞ்சின் அறையில் தண்ணீர் புகாமல் காக்கும் மின் கனெக்டர் என எதை எடுத்தாலும் கெட்டியான பிளாஸ்டிக்கோடு ரப்பர் போன்ற மெத்தென்ற பொருள் ஒன்று சேர்ந்தே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் பசை கிடையாது. ஒரே எந்திரத்தில், பல நேரம் ஒரே அச்சுக்குள், முதலில் கெட்டிப் பொருளும் சில நொடிகள் கழித்து மெத்தென்ற பொருளும் அழுத்தத்தோடு பாய்ச்சப்படுகின்றன. அச்சு திறந்ததும் முழுப் பொருளாக வெளியே விழுகிறது. எந்திரக்காரர் அதைக் கையில் எடுத்து, விளிம்பில் நகத்தை விட்டு நெம்பிப் பார்ப்பார். பெயர்ந்து வந்தால் உற்பத்தி நின்றுவிடும்.

எந்த ஜோடி ஒட்டும், எது ஒட்டாது என்பதற்குத் தொழிற்கூடங்களில் ஓர் அட்டவணை இருக்கும். மூலப்பொருள் விற்கும் நிறுவனங்கள் கொடுப்பது. இடப்பக்கம் ரப்பர் வகைகள், மேலே பிளாஸ்டிக் வகைகள், கட்டங்களில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். அரை நூற்றாண்டாக இந்தத் துறையில் சேர்ந்துள்ள அறிவை ஒருசேரப் பார்க்கும்போது, அந்த அட்டவணை பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்பது என் முடிவு. எது எதோடு ஒட்டக்கூடும் என்பதை வேதியியல் சொல்லும். உண்மையில் ஒட்டியதா என்பதை, இரண்டும் தொட்டுக்கொண்ட முதல் சில நொடிகளின் வெப்பம்தான் தீர்மானிக்கும். எவ்வளவு வலுவாக ஒட்டியது என்று சோதனைச் சான்றிதழில் நாம் படிக்கும் எண்ணில் பெரும்பங்கு ரப்பருக்கு உரியதே தவிர ஒட்டுக்கு உரியது அன்று.

முதலில் ஒரு பிரிவினையைச் சொல்லியாக வேண்டும். பேச்சில் எல்லாமே ரப்பர்தான் என்றாலும் எந்திரத்துக்கு அவை இரண்டு சாதி. ஒன்று, வல்கனைஸ் செய்யப்படும் அசல் ரப்பர்: இயற்கை ரப்பர், எஸ்.பி.ஆர், ஈ.பி.டி.எம், சிலிகோன் முதலியவை. இவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் சூட்டில் ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைகின்றன; பிறகு உருகாது. மற்றொன்று, ரப்பர்போல் நெகிழும், ஆனால் பிளாஸ்டிக்போல் உருகும் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர். 1960களின் நடுவில் ஷெல் நிறுவனம் ஸ்டைரீன் முனைகள் கொண்ட பிளாக் கோபாலிமர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் வழித்தோன்றலான எஸ்.ஈ.பி.எஸ் கலவைதான் இன்று கைப்பிடிகளில் பெருவாரியாகப் பயன்படுகிறது. 1981இல் மான்சாண்டோ நிறுவனம் சாண்டோப்ரீனை வெளியிட்டது, பாலிப்ரொப்பிலீனுக்குள் ஈ.பி.டி.எம் ரப்பரை நுண்துகள்களாக வல்கனைஸ் செய்த பொருள் அது. 1990இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆக்ஸோ குட் கிரிப்ஸ் சமையலறைக் கருவிகளின் தடித்த கறுப்புக் கைப்பிடி இந்தச் சாண்டோப்ரீன்தான். மூட்டுவலி உள்ள கைகளையும் மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவிகளுக்குப் பிறகு மெத்தென்ற பிடி ஒரு சொகுசு என்ற எண்ணம் போய், தேவை என்ற எண்ணம் வந்தது.

இனி ஒட்டுவதன் அடிப்படை. ஒரு திரவம் ஒரு திடப்பொருளோடு ஒட்ட முதலில் அதை நனைக்க வேண்டும். நனைவதைப் பரப்பு ஆற்றல் முடிவு செய்கிறது. பாலிப்ரொப்பிலீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். பாலிகார்பனேட்டுக்கும் நைலானுக்கும் 40க்கு மேல். சிலிகோனுக்குச் சுமார் 20. நனைவது அவசியம், ஆனால் போதாது. சிலிகோன் ஏறக்குறைய எதன்மேலும் நன்றாகப் பரவும். காய்ந்ததும் எளிதாக உரிந்து வரும். பரப்பு ஆற்றலை மட்டும் பார்த்து ஜோடி சேர்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். மின்னேற்றத்தால் ஒட்டு உண்டாகிறது என்ற பழைய சோவியத் கோட்பாடு ஒன்று உண்டு. இந்த வேலைக்கு அது பெரிதாக உதவுவதில்லை.

உதவுவது, அதே சோவியத் ஒன்றியத்தில் வொயுட்ஸ்கி வலியுறுத்திய ஊடுருவல் கோட்பாடு. இரண்டு பாலிமர்கள் சூடாகத் தொட்டுக்கொள்ளும்போது ஒன்றின் சங்கிலிகள் மற்றொன்றுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. அந்த நுழைவு எப்படி நடக்கிறது என்பதை 1971இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் ழில் தெ ழென் விளக்கினார்: நீண்ட சங்கிலி பக்கவாட்டில் நகர முடியாது, வைக்கோல் போருக்குள் பாம்பு நெளிந்து செல்வதுபோல் தன் நீளவாட்டில்தான் ஊர முடியும். 1991இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்குப் பின்னால் பாலிமர்கள் பற்றிய இவ்வகை ஆய்வுகளும் இருந்தன. இந்தச் சித்திரத்திலிருந்து, ஒரே வகைப் பாலிமரின் இரண்டு பரப்புகள் சேரும்போது ஒட்டின் வலு நேரத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப வளரும் என்று கணக்கிட்டார்கள். அதாவது வலு இரட்டிப்பாக நேரம் பதினாறு மடங்கு வேண்டும். சூடு குறைவாக இருக்கும்போது அச்சைக் கொஞ்சம் கூடுதல் நேரம் மூடிவைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வகை வேறாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம். எத்தனை நேரம் சூட்டில் வைத்தாலும் ஒன்று மற்றொன்றுக்குள் ஒரு சில நானோமீட்டருக்குமேல் போகாது. இரண்டும் ஒன்றையொன்று வெறுக்கும் அளவுக்கு, அவை சேரும் இடமான இடைமுகம் மெலிந்துபோகும். பெல் ஆய்வகத்தில் ஹெல்ஃபாண்டும் தாகாமியும் 1970களின் தொடக்கத்தில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சங்கிலிகள் சிக்கிக்கொள்ளத் தேவையான ஆழமும் சில நானோமீட்டர்தான். ஆகவே ஒட்டுமா ஒட்டாதா என்பது நூலிழை வித்தியாசத்தில் நிற்கிறது. எஸ்.ஈ.பி.எஸ் கலவை பாலிப்ரொப்பிலீனோடு ஏன் அவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பதற்கும் காரணம் இதுதான்: அந்தக் கலவைக்குள்ளேயே பாலிப்ரொப்பிலீன் இருக்கிறது. இனம் இனத்தோடு சேர்கிறது.

இப்போது வெப்பம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தத் துறையின் பாதிப் புதிர்கள் ஒரு சிறு கணக்கில் அவிழ்கின்றன. வெப்பத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வாங்கிக் கடத்தும் இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால், தொட்ட கணத்தில் இடைமுகத்தின் வெப்பநிலை இரண்டின் சராசரிக்கு வந்துவிடும். 230 டிகிரியில் பாயும் எஸ்.ஈ.பி.எஸ் கலவை, 60 டிகிரிக்கு ஆறிவிட்ட பாலிப்ரொப்பிலீன் பாகத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைமுகம் 145 டிகிரி. பாலிப்ரொப்பிலீன் உருகுவது சுமார் 165இல். ஆக, உருகிய பொருள் வந்து மோதியும் அடிப்பாகத்தின் தோல் முழுதாக உருகவில்லை. அச்சுச்சுவரில் பட்டு வேகமாக உறைந்த தோலில் படிகங்கள் சிறியவை, குறையுள்ளவை. அவை சற்று முன்பே இளகும் என்பதால் ஓரளவு ஒட்டு கிடைக்கிறது. அதே பாகம் 100 டிகிரி சூட்டோடு இருந்திருந்தால் இடைமுகம் 165ஐத் தொட்டிருக்கும். முதல் நாள் வார்த்து, பெட்டியில் அடுக்கி, மறுநாள் இரண்டாம் எந்திரத்தில் 30 டிகிரியில் வைத்திருந்தால் 130தான். மூன்று நிலையிலும் பொருள் அதே பொருள், அட்டவணையில் குறி அதே கூட்டல் குறி.

சுழலும் மேசையுள்ள எந்திரத்தில் வார்த்த பாகம், பெட்டியில் ஆறிய பாகத்தைவிட ஏன் நன்றாக ஒட்டுகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஏ.பி.எஸ் ஏன் சுலபமான பிளாஸ்டிக் என்பதும் இதிலேயே தெரிகிறது. அதில் படிகம் இல்லை. சுமார் 105 டிகிரியைத் தாண்டினாலே சங்கிலிகள் அசையத் தொடங்கும். 200 டிகிரி பாலியூரித்தேன் எலாஸ்டோமர், 50 டிகிரி ஏ.பி.எஸ், சராசரி 125: வேலை முடிந்தது. பாலிகார்பனேட்டுக்கு அந்த எல்லை 150க்கு அருகில்; எனவே அடிப்பாகத்தின் சூட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நைலான் 6 உருகுவது 220இல். 260 டிகிரி கலவையை 80 டிகிரி நைலான்மேல் பாய்ச்சினாலும் இடைமுகம் 170ஐத் தாண்டாது. நைலானின் தோல் உருக வழியே இல்லை. ஆகவே நைலானோடு ஒட்ட வேதிவினை ஒன்றைத் துணைக்கு அழைத்தாக வேண்டும்: எலாஸ்டோமரில் மலேயிக் அன்ஹைட்ரைடை ஒட்டவைத்துவிட்டால் அது நைலானின் அமின் முனைகளோடு வினைபுரிந்து உறுதியான பிணைப்பைத் தருகிறது.

இடைமுகம் எவ்வளவு நேரம் சூடாக இருக்கும் என்பது மேலே பாயும் அடுக்கின் தடிமனைப் பொறுத்தது; அதுவும் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. அடுக்கை 1 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் ஆக்கினால் குளிர்ச்சி இடைமுகத்தை எட்ட நான்கு மடங்கு நேரம் ஆகும். பொருளை மிச்சப்படுத்த ரப்பர் அடுக்கை மெலிதாக்கும் வடிவமைப்பாளர், ஒட்டையும் சேர்த்தே மெலிதாக்குகிறார். கைப்பிடிகளின் விளிம்பு ஒன்றுமில்லாமல் கரையும்படி வரைந்திருந்தால் அங்கேதான் முதலில் உரியும். விளிம்பு ஒரு சிறு பள்ளத்தில் முழுத் தடிமனோடு முடிய வேண்டும்.

சரியான ஜோடி, சரியான சூடு இரண்டும் இருந்தும் ஒட்டாமல் போவது உண்டு. அப்போது பழி பெரும்பாலும் நடுவில் புகுந்த மூன்றாவது பொருளின்மேல். பாகம் அச்சிலிருந்து எளிதாக விழட்டும் என்று இரவு ஷிஃப்டில் ஒருவர் சிலிகோன் ரிலீஸ் ஸ்ப்ரே அடிப்பார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் அடுத்த பல பாகங்களில் ஒட்டைக் கெடுக்கும். நிறத்துக்காகச் சேர்க்கும் மாஸ்டர்பேட்ச்சின் மெழுகு, கலவையிலிருந்து கசியும் வெள்ளை எண்ணெய், பிளாஸ்டிக்குக்குள் விற்பனையாளரே சேர்த்திருக்கும் வழுக்குப்பொருள் ஆகியவையும் இப்படித்தான். நைலானுக்கு ஈரமும் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையின் காற்றில் திறந்து கிடந்த நைலான் பாகம் உறிஞ்சிய நீர், சூடான கலவை பட்டதும் ஆவியாகி இடைமுகத்தில் நிற்கும். குருணையை உலர்த்துவதில் காட்டும் அக்கறையை வார்த்த பாகத்தைப் பாதுகாப்பதிலும் காட்டினால் பாதித் தொல்லை தீரும்.

அசல் ரப்பருக்கு வருவோம். ரப்பரை இரும்போடு ஒட்டுவது பழைய கலை. 1950களிலிருந்து கெம்லாக் போன்ற பூச்சுகளைத் தடவி எஞ்சின் மவுண்ட் செய்து வருகிறார்கள். பிளாஸ்டிக்கோடு அப்படிப் பூச்சு எதுவும் இல்லாமல் நேராக ஒட்டுவது 1980களில் ஜெர்மனியின் மார்ல் நகரில் ஹூல்ஸ் நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. பாலிபீனிலீன் ஈதர் என்ற பிளாஸ்டிக்கின்மேல் கந்தகத்தால் வல்கனைஸ் ஆகும் எஸ்.பி.ஆர் ரப்பரை வைத்துச் சூடாக்கினால், ரப்பரின் சங்கிலிகளைத் தமக்குள் பிணைக்கும் அதே வினை பிளாஸ்டிக்கின் சங்கிலிகளையும் சேர்த்துப் பிணைத்துவிடுகிறது. சில பாலியமைடுகளோடு பெராக்சைடால் வல்கனைஸ் ஆகும் ரப்பர்களும் அவ்வாறே. ஒட்டும் வேலையையும் வல்கனைஸ் வேலையையும் ஒரே வினை செய்து முடிப்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான யோசனையாகப் படுகிறது. ஆனால் ஜோடிகள் மிகக் குறைவு. ரப்பரில் ஒரு சேர்மானத்தை மாற்றினாலும் ஒட்டு போய்விடலாம்.

எந்திரத்தில் சங்கடம் வேறு. ரப்பரை 70 முதல் 100 டிகிரிவரை இருக்கும் பேரலில் மிதமாக இளக்கி, 150 முதல் 200 டிகிரிவரை சூடான அச்சில் செலுத்தி வல்கனைஸ் செய்ய வேண்டும். பிளாஸ்டிக்குக்கு நேர் எதிர்: சூடான பேரல், குளிர்ந்த அச்சு. ஒருவருக்கு உறையச் சூடு வேண்டும், மற்றவருக்கு உறையக் குளிர் வேண்டும். நேரமும் பொருந்தாது, பிளாஸ்டிக் அரை நிமிடத்தில் தயார், ரப்பர் சில நிமிடம் கேட்கும். அச்சின் இரண்டு குழிவுகளுக்கும் இடையே வெப்பத்தைத் தடுத்துத் தனித்தனிச் சூட்டில் வைப்பது ஒரு வழி. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு இத்தகைய அச்சுகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ரப்பரை முதலில் வார்த்து, பிளாஸ்டிக்கை மேலே பாய்ச்சினால் வேறொரு சிக்கல் எழுகிறது. ரப்பர் முழுக்க வல்கனைஸ் ஆகிவிட்டால் இடைமுகத்தில் வினைபுரிய ஒன்றும் மிஞ்சாது. அரைகுறையாக இருந்தால் வினைக்கு மிச்சம் இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் வரும் வேகத்தில் ரப்பர் நசுங்கி இடம் மாறும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வாசல் குறுகலானது.

முழுக்க வல்கனைஸ் ஆன ரப்பரோடு மல்லுக்கட்டும் வேலை ஒன்று தினமும் நம் கண்ணில் படுகிறது. கார் கதவுச் சன்னலின் ஓரத்தில் ஓடும் கறுப்பு ஈ.பி.டி.எம் பட்டைகள் மூலையில் சேரும் இடத்தைப் பாருங்கள். நேர்ப்பட்டைகளை வெட்டி அச்சில் வைத்து, மூலையில் மட்டும் சாண்டோப்ரீன் வகைப் பொருளைப் பாய்ச்சி இணைப்பது பரவலான முறை. வெட்டிய முகம் புதிதாக இருக்க வேண்டும். நாள்பட்டால் ரப்பருக்குள்ளிருந்து துத்தநாக ஸ்டியரேட் போன்றவை மேலே பூத்துவிடும். பூத்த முகத்தில் எதுவும் ஒட்டாது.

திரவச் சிலிகோன் தனி அத்தியாயம். இரண்டு பகுதிகளாக வரும் இதைக் குளிரூட்டிய பேரலில் கலந்து சூடான அச்சில் செலுத்துவார்கள். பிளாட்டினம் வினையூக்கியால் நொடிகளில் உறைகிறது. சாதாரணச் சிலிகோன் பிளாஸ்டிக்கோடு ஒட்டாது. முன்பெல்லாம் ப்ரைமர் தடவுவார்கள், சுடரோ பிளாஸ்மாவோ காட்டுவார்கள். இப்போது சிலேன் வகை ஒட்டுப்பொருளை உள்ளேயே வைத்திருக்கும் தானே ஒட்டும் சிலிகோன் கிடைக்கிறது. வாக்கர், ஷின்-எட்சு போன்ற பெரிய நிறுவனங்கள் அனைத்தும் விற்கின்றன. நைலான், பி.பி.டி போன்றவற்றோடு சிறப்பாக ஒட்டும். பாலிகார்பனேட்டுக்கு 150 டிகிரி தாங்காது என்பதால் குறைந்த சூட்டில் உறையும் வகை வேண்டும்.

இந்தச் சிலிகோனின் குணங்கள் மூன்றை நேரில் கண்டால்தான் புரியும். அது அச்சின் எஃகோடும் ஒட்டப் பார்க்கும். எனவே அச்சுக்குத் தகுந்த பூச்சு வேண்டும். அச்சிலிருந்து எடுத்தவுடன் ஒட்டு முழு வலுவில் இருக்காது. மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் வளரும். ஆகவே எடுத்த சூட்டோடு நகத்தால் நெம்பிப் பார்த்து ஒதுக்கிய பாகம் நல்ல பாகமாகவும் இருந்திருக்கலாம். மூன்றாவதாக, பிளாட்டினம் எளிதில் நஞ்சேறிச் செயலிழந்துவிடும். கந்தகம், அமின், வெள்ளீயம், பாஸ்பரஸ் சேர்மங்கள் பட்டால் உறைவது நிற்கும். நைலானில் பாஸ்பரஸ் சார்ந்த தீத்தடுப்பான் இருந்தால் இடைமுகத்தில் மட்டும் சிலிகோன் பிசுபிசுவென்று கிடக்கும். பார்த்தால் ஒட்டுக் கோளாறு, உண்மையில் உறையாத கோளாறு.

இத்தனைக்கும் பிறகு ஒட்டை அளக்கும் கேள்வி. 20 மில்லிமீட்டர் அகலப் பட்டையின் ஒரு முனையைக் கிளப்பி, கவ்வியில் மாட்டி, அடித்தட்டுக்கு 90 டிகிரியில் மேலே இழுப்பார்கள். தட்டு பக்கவாட்டில் நகர்ந்து கோணத்தைக் காக்கும். உரியும் முனையைக் குனிந்து பார்த்தால், நல்ல ஒட்டில் ரப்பர் வெளுத்து நீண்டு, சிறுசிறு நார்களாக நின்று, ஒவ்வொன்றாக அறும். மோசமான ஒட்டில் சத்தமில்லாமல் கழன்று வரும். அடித்தட்டு பளிங்குபோல் சுத்தமாக இருக்கும். ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவோருக்கு ஐ.எஸ்.ஓ 813 தரம் உண்டு. மெத்தென்ற எலாஸ்டோமருக்கு ஜெர்மன் பொறியாளர் சங்கத்தின் வி.டி.ஐ 2019 வழிகாட்டி உண்டு (2019 என்பது அதன் எண், ஆண்டு அன்று).

கிடைக்கும் எண், ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இத்தனை நியூட்டன். 90 டிகிரி இழுவையில் அது அப்படியே ஒரு பரப்பளவைப் பிரிக்கச் செலவான ஆற்றலும் ஆகும்: 3 நியூட்டன் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 3000 ஜூல். ஆனால் இரண்டு பாலிமர் பரப்புகளுக்கு இடையே உள்ள வெறும் மூலக்கூறு ஈர்ப்பு 0.1 ஜூலைக்கூடத் தாண்டாது. மீதி எங்கே போனது? அக்ரன் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஜென்ட் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் விடை சொல்கின்றன: இழுபடும் ரப்பர் தன் உள் உராய்வில் ஆற்றலை விழுங்குகிறது. இடைமுகத்தின் சொந்த வலு பெருக்கற்கணக்கில் ஒரு காரணி மட்டுமே. மற்றது ரப்பரின் குணம், இழுக்கும் வேகம், அறையின் வெப்பநிலை. வேகத்தைக் கூட்டினால் எண் கூடும். குளிரில் சோதித்தால் எண் கூடும். பட்டையின் தடிமன் மாறினாலும் எண் மாறும். 1967இல் லேக்கும் தாமஸும் காட்டியது இன்னொரு பக்கம்: ஒரு வேதிப்பிணைப்பை அறுக்க அந்தச் சங்கிலி முழுவதையும் இழுத்து விறைக்க வைக்க வேண்டும், அறுந்ததும் அத்தனை ஆற்றலும் வீணாகும். இடைமுகத்தில் பிணைப்பு உண்டாகியிருந்தால், மிக மெதுவாக இழுக்கும்போதும் ஒரு கணிசமான எண் மிஞ்சும் என்பது இதனால்தான்.

ஆகவே 6 நியூட்டன் காட்டும் கெட்டி ரப்பரின் ஒட்டு, 3 நியூட்டன் காட்டும் மெத்தென்ற ரப்பரின் ஒட்டைவிட வலுவானது என்று சொல்லிவிட முடியாது. ரப்பரே நடுவில் கிழிந்தால் அந்த எண் ஒட்டின் வலுவையே காட்டவில்லை. ஒட்டு அதற்குமேல் என்று மட்டும் சொல்கிறது. மேலும் வார்த்த அன்று எடுத்த எண்ணை வைத்து ஐந்து வருட உழைப்பை ஊகிக்க முடியாது. சோப்புநீரும் எண்ணெயும் எஞ்சின் சூடும் மெதுவாக வேலை செய்பவை. வெறும் ஈர்ப்பால் நின்ற ஒட்டு தண்ணீரில் தளரும், வேதிப்பிணைப்பால் நின்றது பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

இதனால்தான் அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் ஒட்டை மட்டும் நம்புவதில்லை. அடிப்பாகத்தில் துளைவிட்டு ரப்பரை மறுபக்கம் பாயவிட்டுப் பூட்டுகிறார்கள். பிடியைச் சுற்றி வளைத்து மூடுகிறார்கள். பாரத்தைப் பூட்டு தாங்கட்டும், நீர் புகாமல் ஒட்டு காக்கட்டும் என்ற இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகவே படுகிறது. ஆயுள் முடிந்தபின் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே யோசிக்க வேண்டும். எஸ்.ஈ.பி.எஸ் ஒட்டிய பாலிப்ரொப்பிலீனைச் சேர்த்தே அரைத்து மறுபடி உருக்கலாம். வல்கனைஸ் ஆன ரப்பர் ஒட்டிய நைலானை அப்படிச் செய்ய இயலாது. அங்கே ஒட்டு எவ்வளவு சிறந்ததோ மறுசுழற்சி அவ்வளவு கடினம்.

சோதனைச் சான்றிதழ் எழுதுவோரிடமும் அதைக் கேட்டு வாங்குவோரிடமும் ஒரு வேண்டுகோள். உரிப்பு எண்ணைத் தனியாக எழுதாதீர்கள். ரப்பரின் கெட்டித்தன்மை, அடுக்கின் தடிமன், இழுத்த வேகம், அறை வெப்பநிலை, வார்த்து எத்தனை மணி நேரம் கழித்துச் சோதித்தது, பிரிந்தது இடைமுகத்திலா ரப்பருக்குள்ளா என்பவற்றையும், இரண்டாம் பொருள் பாய்ந்தபோது அடிப்பாகம் எத்தனை டிகிரியில் இருந்தது என்பதையும் அதே தாளில் பதிவு செய்யுங்கள். தண்ணீரிலோ எண்ணெயிலோ ஊறவைத்தபின் எடுத்த இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை வைத்து ஒரு பொருளை ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.